மணவாளக்குறிச்சி மணலுக்கு 55 கோடி வயது என்றால் ஆதியாகமத்தை எப்படிச் சொல்லிக்கொடுப்பது?

பாறசாலை டீச்சர் (இழையைத் தொடங்கியவர்)

எல்லோருக்கும் தோத்திரம். நான் பாறசாலைப் பக்கம் ஒரு பள்ளிக்கூடத்தில் கெமிஸ்ட்ரி எடுக்கிறேன். ஞாயிற்றுக்கிழமை எங்கள் சி.எஸ்.ஐ சபையில் பெரிய பிள்ளைகளின் ஓய்வுநாள் பள்ளி என் பொறுப்பு. சமீபத்தில் கன்வென்ஷனுக்கு வெளியூரிலிருந்து வந்த பிரசங்கியார் ஒருவர், பூமிக்கு ஆறாயிரம் வயதுதான், அதற்கு மேல் சொல்கிறவன் பிசாசின் கையாள் என்று மைக்கில் சொல்லிவிட்டுப் போனார். அடுத்த வாரம் வகுப்பில் பதினொன்றாம் வகுப்புப் பெண் எழுந்து நின்றாள். "டீச்சர், வாரநாளில் அரையாயுள் நடத்துவது நீங்கள். மணவாளக்குறிச்சி மணலில் தோரியம் இருக்கிறது, அதை வைத்து வயதைக் கணக்கிடலாம் என்று சொன்னதும் நீங்கள். இங்கே வந்தால் வேறு கணக்கா?"

அவள் எதிர்த்துப் பேசுகிற பிள்ளை கிடையாது. பைபிள் வினாடி வினாவில் எப்போதும் முதலாவதாக வருகிறவள். அதனால்தான் எனக்கு இதை இலேசாக எடுத்துக்கொள்ள முடியவில்லை. 2023ல் என்சிஇஆர்டி பத்தாம் வகுப்புப் புத்தகத்திலிருந்து பரிணாமப் பகுதியை எடுத்தபோது எங்கள் ஸ்டாஃப் ரூமில் எல்லோரும் வருத்தப்பட்டோம். ஆனால் சபைக்குள் இதைப் பற்றி யாரும் வாயே திறப்பதில்லை. எங்கள் சபைப் போதகர் ஐயரிடம் கேட்டேன். "இப்போதைக்கு விடுங்கள், பிரச்சினையாகும்" என்றார். விட எனக்கு மனமில்லை. உங்கள் வீடுகளில், சபைகளில், பங்குகளில் இதை எப்படிச் சொல்கிறீர்கள்? பொறுமையாக எழுதுங்கள். சண்டை வேண்டாம்.

மணவாளக்குறிச்சிக்காரன்

டீச்சர், நான் படித்தது ஜியாலஜி. கேள்வி எங்கள் ஊர் மணலைப் பற்றி என்பதால் முதலில் நானே வருகிறேன்.

எங்கள் கடற்கரையில் ஒரு கை மணலை அள்ளி வெள்ளைத் தாளில் பரப்பிப் பாருங்கள். கறுப்பாகக் கிடப்பது இல்மனைட். சிவப்பு, கார்னெட். கண்ணாடிப் பொடி மாதிரி மினுங்குவது சிர்கான். அங்கொன்றும் இங்கொன்றுமாகத் தேன் நிறத்தில் உருண்டையாக ஒரு மணி கிடக்கும், அதுதான் மோனசைட். 1909ல் ஷோம்பெர்க் என்ற ஜெர்மன் வேதியியலாளர் இங்கிருந்து போன கயிற்றில் ஒட்டியிருந்த மணலில்தான் இதைக் கண்டுபிடித்தார். அன்றைக்கு காஸ் விளக்கில் ஒளிர்கிற வலையான மேண்டிலுக்குத் தோரியம் தேவைப்பட்டது. இந்த மணியில் சுமார் ஒன்பது சதவீதம் தோரியம் ஆக்சைடு.

வயது எப்படித் தெரியும்? தோரியம் 232 மெல்ல மெல்லச் சிதைந்து ஈயம் 208 ஆகிறது. இருப்பதில் பாதி சிதைய எடுக்கும் காலம், அதாவது அரையாயுள், சுமார் 1,400 கோடி வருடம். அதே மணியில் கொஞ்சம் யுரேனியம் 238 உண்டு. அது 447 கோடி வருட அரையாயுளில் ஈயம் 206 ஆகிறது. மோனசைட் பாறைக்குள் உருவாகும்போது ஈயத்தை அநேகமாக உள்ளே சேர்ப்பதில்லை. ஆகவே இப்போது உள்ளே இருக்கிற ஈயம் பெரும்பாலும் அங்கேயே பிறந்தது. ஒரே மணிக்குள் வேறு வேறு வேகத்தில் ஓடுகிற இரண்டு கடிகாரங்கள். இரண்டும் ஒரே நேரத்தைக் காட்டினால் ஏதோ தற்செயல் என்று தள்ளிவிட முடியாது. தென்கேரளத்திலும் நம் குமரி மாவட்டத்திலும் உள்ள பாறைகளின் மோனசைட் பெரும்பாலும் 55 கோடி வருடத்தை ஒட்டி வருகிறது. இலங்கையிலும் மடகாஸ்கரிலும் அண்டார்க்டிகாவிலும் இதே காலத்துப் பாறைகள் இருக்கின்றன. ஒரு காலத்தில் இதெல்லாம் சேர்ந்து கிடந்த நிலம்.

நியாயத்துக்கு இன்னொன்றையும் சொல்ல வேண்டும். கடல் இன்றைய மட்டத்துக்கு வந்து சில ஆயிரம் வருடங்கள்தான் ஆகின்றன. ஆகவே இப்போது நாம் நடக்கிற கடற்கரை புதியது. மணி பழையது. மலையிலிருந்து வள்ளியாறும் மற்ற ஓடைகளும் அடித்துக்கொண்டு வந்ததை அலை சலித்து, கனமானதைக் கரையில் விட்டு, இலேசானதை இழுத்துக்கொண்டு போகிறது. ஒவ்வொரு தென்மேற்குப் பருவத்துக்குப் பிறகும் கறுப்புப் பட்டை புதிதாக விழுவதைச் சின்ன வயதிலிருந்தே பார்த்து வருகிறோம்.

மணல் கம்பெனி, கதிர்வீச்சு, புற்றுநோய் என்று யாராவது ஆரம்பித்தால் தயவுசெய்து தனி இழை போடுங்கள். அதுவும் பெரிய விஷயம்தான். இதில் கலந்தால் இரண்டும் கெடும்.

நானும் ஞாயிறு தவறாமல் கோயிலுக்குப் போகிறவன். அந்த மணியைப் பொய் என்று சொல்லித்தான் என் விசுவாசத்தைக் காப்பாற்ற வேண்டுமென்றால், அந்த விசுவாசம் யாரைக் கும்பிடுகிறது என்று எனக்குத் தெரியவில்லை.

குழித்துறை விசுவாசி

சகோதரி, சகோதரரே, கர்த்தருடைய நாமத்தில் வாழ்த்துகள். நான் பெந்தெகொஸ்தே சபை. ஆறாயிரம் என்று நம்புகிறவன். ஆனால் மேடையில் ஏறி யாரையும் பிசாசின் கையாள் என்று சொல்ல மாட்டேன். அது தப்பு.

என் பக்கத்தையும் கேளுங்கள். இது எனக்கு எண் பற்றிய சண்டை இல்லை. ரோமர் 5:12ல் பவுல் என்ன சொல்கிறார்? "ஒரே மனுஷனாலே பாவமும் பாவத்தினாலே மரணமும் உலகத்திலே பிரவேசித்தது." ஆதாமுக்கு முன்னால் கோடிக்கணக்கான வருடம் மிருகங்கள் பிறந்து, அடித்துத் தின்று, செத்து, கல்லாகிக் கிடந்தன என்றால் மரணம் எங்கிருந்து வந்தது? மரணம் தேவனுடைய ஏற்பாடு என்றால் சிலுவை எதை ஜெயித்தது? 1 கொரிந்தியர் 15ல் ஆதாமுக்குள் எல்லோரும் மரிக்கிறதுபோல கிறிஸ்துவுக்குள் எல்லோரும் உயிர்ப்பிக்கப்படுவார்கள் என்று இரண்டையும் ஒரே கயிற்றில் கட்டியிருக்கிறார். ஒரு முனையை வெட்டிவிட்டு மறுமுனை தொங்கும் என்று நம்பச் சொல்கிறீர்கள்.

மணல்மணியைப் பொறுத்தவரை, கானாவூர்க் கலியாணத்தில் இயேசு தண்ணீரைத் திராட்சரசமாக்கிய அன்று பந்திவிசாரிப்புக்காரன் நல்ல ரசம் என்றுதான் சொன்னான். அதைச் சோதித்துப் பார்த்த எந்த நிபுணனும் அதற்கு வயது சொல்லியிருப்பான். ஆதாம் கைக்குழந்தையாகப் படைக்கப்படவில்லை. வளர்ந்த நிலையிலேயே படைக்கத் தேவனால் முடியும்.

டீச்சர், முதல் பக்கத்தைக் கதை என்று சொல்லிக்கொடுத்துவிட்டு, கல்லறை திறந்ததை மட்டும் நம்பு என்று அந்தப் பிள்ளையிடம் எந்த முகத்தோடு சொல்வது?

கண்ணம்மூலை மாணவன்

அண்ணே, உங்கள் கேள்வியை நான் படிக்கிற செமினரியில் யாராவது சாதாரணமாகத் தள்ளினால் நானே எழுந்து நின்று கேட்பேன். ரோமர் 5தான் இதில் கடினமான இடம். தெரிந்த வரை சொல்கிறேன்.

முதலில் வரலாறு. விஞ்ஞானத்துக்குப் பயந்து இப்போதுதான் வசனத்தை வளைக்கிறோம் என்று நினைப்பது சரியில்லை. மூன்றாம் நூற்றாண்டிலேயே சபைப் பிதா ஓரிகன், நான்காம் நாளில்தான் சூரியன் என்றால் முதல் மூன்று நாளின் சாயங்காலமும் விடியற்காலமும் என்ன என்று கேட்டுவிட்டார். ஐந்தாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் அகஸ்டின், அந்த ஆறு நாள் நாம் அறிந்த நாளாக இருக்க வேண்டியதில்லை என்று எழுதினார். வானத்தையும் பூமியையும் பற்றி அவிசுவாசி அனுபவத்தால் அறிந்ததை எதிர்த்து ஒரு கிறிஸ்தவன் வேதத்தின் பேரில் உளறினால், பிறகு உயிர்த்தெழுதலைப் பற்றி வேதம் சொல்வதை அவன் எப்படி நம்புவான் என்று எச்சரித்தவரும் அவர்தான். உங்கள் கடைசிக் கேள்வியை அவர் மறுபக்கத்திலிருந்து கேட்டிருக்கிறார். இதே அகஸ்டின் உலகத்துக்கு ஆறாயிரம் வருடம்கூட ஆகவில்லை என்றுதான் நினைத்தார், இன்னொரு சபைப் பிதாவான பசில் நாட்களை அப்படியே இருபத்து நாலு மணி நேரமாக எடுத்துக்கொண்டார் என்பதையும் மறைக்கக் கூடாது. ஆதிச் சபையில் இரண்டு விதமும் இருந்தது. இதை வைத்து ஒருவரை ஒருவர் சபைக்கு வெளியே தள்ளவில்லை.

உலகம் படைக்கப்பட்டது கி.மு. 4004ல் என்ற கணக்கு 1650ல் அயர்லாந்துப் பேராயர் அஷர் போட்டது. பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஜியாலஜி வளர்ந்தபோது ஸ்காட்லாந்தின் சால்மர்ஸ் மாதிரி தீவிர நற்செய்திக்காரர்களே பூமி பழையது என்று ஏற்றுக்கொண்டார்கள். வேதத்தில் பிழையில்லை என்று கடைசிவரை வாதாடிய அமெரிக்க இறையியலாளர் வார்ஃபீல்டு பரிணாமத்துக்குக் கதவை மூடவில்லை. பெந்தெகொஸ்தே சபைகளில் பலர் பக்தியோடு வைத்திருந்த, விளக்கக் குறிப்புகளோடு கூடிய ஸ்கோஃபீல்டு பைபிள் 1909ல் வந்தது. அதன் குறிப்பே ஆதியாகமம் முதல் வசனத்துக்கும் இரண்டாம் வசனத்துக்கும் நடுவே கணக்கில்லாத காலம் இருக்கலாம் என்கிறது. ஆறாயிரத்தைத் தவிர வேறெதுவும் விசுவாசமில்லை என்கிற இன்றைய அழுத்தம் பெருமளவு 1960களில் அமெரிக்காவிலிருந்து பரவியது.

கானாவூர் ரசம் நல்ல கேள்வி. 1857ல் கோஸ் என்ற இயற்கை ஆய்வாளர் இதையேதான் சொன்னார். உலகம் வயதான தோற்றத்தோடேயே படைக்கப்பட்டது என்று. அவருடைய நண்பர் கிங்ஸ்லி, சபைக் குருவானவர், அதை ஏற்கவில்லை. தேவன் பாறைகளில் இவ்வளவு பெரிய, தேவையில்லாத பொய்யை எழுதிவைத்திருப்பார் என்று நம்ப முடியாது என்று பதில் எழுதினார். நானும் அங்கேதான் நிற்கிறேன். ரசம் ஒரு அடையாளம், அதை ஊற்றிய வேலைக்காரர்களுக்கு உண்மை தெரியும். பாறையில் நடக்காத சாவுகளின் எலும்பைப் புதைத்து வைப்பது வேறு.

இனி ரோமர். பவுல் பேசுவது மனிதரின் மரணத்தைப் பற்றி, பாவத்தால் தேவனைவிட்டுப் பிரிந்த மரணத்தைப் பற்றி என்று வாசிக்கிறவர்கள் உண்டு. அந்த அதிகாரத்தில் அவர் மிருகங்களைப் பற்றிப் பேசவில்லை. ஆதாம் மனிதக் கூட்டத்தின் தலையாக அழைக்கப்பட்டவர் என்பவர்கள் உண்டு. கத்தோலிக்க சபை 1950ல் போப் பன்னிரண்டாம் பயஸ் காலத்தில், மனித உடல் முந்தைய உயிர்களிலிருந்து வந்ததா என்று ஆராயலாம், ஆன்மா நேரே கடவுளால் படைக்கப்படுகிறது என்றது. 1996ல் போப் இரண்டாம் ஜான் பால் பரிணாமத்தை வெறும் கருதுகோளுக்கு மேற்பட்டது என்றார். இவற்றில் எதுவும் எல்லா முடிச்சையும் அவிழ்த்துவிடவில்லை. நானும் அவிழ்த்துவிட்டேன் என்று சொல்லவில்லை. ஆனால் கிறிஸ்து ஜெயித்தார் என்று சொல்ல எனக்கு டைனோசர் சாகாமல் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

ஆற்றூர் வாசகன்

நான் ஞானஸ்நானம் பெற்றவன், இப்போது நம்பிக்கை இல்லை. மரியாதையாகவே கேட்கிறேன். விஞ்ஞானம் ஒன்றைக் கண்டுபிடிக்கும். நீங்கள் ஐம்பது வருடம் எதிர்ப்பீர்கள். அப்புறம் வசனத்துக்கு அதுதான் அர்த்தம் என்பீர்கள். பூமி சூரியனைச் சுற்றுகிறது என்ற கலிலியோவுக்கு 1633ல் தண்டனை, தவறு என்று போப் ஒப்புக்கொண்டது 1992ல். அடுத்தடுத்துப் பின்வாங்கிக்கொண்டே இருக்கிற ஒன்றை ஒரு பதினாறு வயதுப் பிள்ளை ஏன் நம்ப வேண்டும்?

தும்பா ஓய்வூதியர்

ஆற்றூர்த் தம்பி கேட்டது சரியான கேள்வி. நான் மார்த்தாண்டத்துக்காரன். வேலைக்காலம் முழுக்கத் தும்பாவில் ராக்கெட் எரிபொருள் பிரிவில் டெக்னீஷியன். சபையில் மூப்பன். ஒரே ஆள்தான் இரண்டு இடத்துக்கும் போய்வந்தேன். எனக்குத் தெரிந்ததைச் சொல்கிறேன்.

பின்வாங்குகிறவன் யார் என்று பார்க்க வேண்டும். விஞ்ஞானத்துக்குத் தெரியாத இடத்தில் கடவுளைக் கொண்டுபோய் உட்காரவைக்கிறவன்தான் நாளுக்கு நாள் இடத்தைக் காலி செய்ய வேண்டியிருக்கும். 1944ல் நாஜிச் சிறையிலிருந்து ஜெர்மன் போதகர் போன்ஹோஃபர் எழுதிய ஒரு கடிதத்தில் இதைத்தான் சொல்கிறார். நமக்குத் தெரியாததில் தேடாமல், தெரிந்ததில் கடவுளைக் கண்டுகொள்ள வேண்டும் என்று.

லெமெய்த்தர் என்ற பெல்ஜியம் பாதிரியார் இருந்தார். அண்டம் விரிகிறது என்று 1927ல் கணக்குப் போட்டுக் காட்டியவர். எல்லாம் ஒரே ஆதி அணுவிலிருந்து தொடங்கியிருக்கலாம் என்று 1931ல் சொன்னார். இன்று பெருவெடிப்பு என்கிறோம். 1951ல் பன்னிரண்டாம் பயஸ் ஒரு உரையில் இது படைப்பை உறுதிப்படுத்துகிறது என்கிற மாதிரி பேசியபோது, பாதிரியாருக்குச் சந்தோஷம் வந்திருக்க வேண்டும் அல்லவா? வரவில்லை. என் கணக்கை வைத்து வேதத்தை நிரூபிக்காதீர்கள் என்பது அவருடைய நிலை. அடுத்த வருடம் வானியலாளர்களிடம் பேசியபோது போப் அதைத் திரும்பச் சொல்லவில்லை. கணக்கு நாளை மாறலாம். கடவுள் அதில் தொங்கவில்லை. இதைவிடத் தெளிவான விசுவாசத்தை நான் பார்த்ததில்லை.

இனித் தும்பா. பூமியின் காந்த நடுக்கோடு அந்தக் கரை வழியாகப் போகிறது, அதனால்தான் அந்த இடம் வேண்டியிருந்தது. மேலே நூறு கிலோமீட்டரையொட்டி ஒரு மின்னோட்டம் பட்டையாக ஓடுகிறது, அதை ஆராய வேண்டும். (இந்தத் தேடல் நம் பக்கம் புதிதில்லை. 1850களிலேயே திருவனந்தபுரம் வானாய்வுக்கூடத்திலிருந்து பிரவுன் என்பவர் அகத்தியர் மலை உச்சியில் காந்த அளவீடு செய்தார்.) 1962ல் விஞ்ஞானி விக்ரம் சாராபாய் அங்கே வந்தபோது மகதலேனா மரியாள் கோயிலும் ஆயர் இல்லமும் மீனவர் வீடுகளும் இருந்தன. ஆயர் பீட்டர் பெர்னார்டு பெரேரா மக்களிடம் பேசினார், இடம் கிடைத்தது. கோயில் ஆய்வுக்கூடமானது. 1963 நவம்பர் 21ஆம் தேதி முதல் ராக்கெட் போனது.

இந்தக் கதையை எல்லோரும் ஆயரைப் புகழ்ந்து முடித்துவிடுவார்கள். அவர் செய்தது பெரிய காரியம், மறுக்கவில்லை. ஆனால் வீட்டையும் கல்லறைத் தோட்டத்தையும் விட்டு எழுந்து போனவர்கள் மீனவர்கள். அவர்கள் யாரும் மின்னோட்டத்தைப் படித்தவர்கள் கிடையாது. விஞ்ஞானம் எங்கள் ஜெபத்தைக் கெடுத்துவிடும் என்று அவர்கள் பயப்படவில்லை. பயப்படாத விசுவாசம் எப்படி இருக்கும் என்று நான் கற்றது அங்கே, அந்த மீனவர் ஊரான பள்ளித்துறை ஆட்களோடு கான்டீனில் உட்கார்ந்து பேசித்தான்.

நெய்யூர் நர்ஸ்

டீச்சரக்கா, எங்கள் வார்டில் இது ஆதியாகமச் சண்டையாக வராது, வேறு உருவத்தில் வரும். ஜெபம் பண்ணியாயிற்று, இன்சுலினை நிறுத்து, மாத்திரை எடுத்தால் அவிசுவாசம் என்று யாரோ சொல்லியிருப்பார்கள். கால் கறுத்த பிறகு தூக்கிக்கொண்டு வருவார்கள். அந்த அம்மாவின் விரல்களைத் துடைத்துக் கட்டும்போது எனக்குக் கோபம் வரும். அந்த அம்மாமேல் இல்லை.

நெய்யூருக்கு சோமர்வெல் டாக்டர் வந்த கதை நம் பக்கம் எல்லோருக்கும் தெரியும். 1922ல் எவரெஸ்ட் ஏறப் போனார், பனிச்சரிவில் ஏழு சுமைதூக்கிகள் செத்ததைக் கண்ணால் பார்த்தார். திரும்பும் வழியில் நெய்யூர் ஆஸ்பத்திரியில் நோயாளிக் கூட்டத்தையும் ஆள் பற்றாக்குறையையும் பார்த்துவிட்டு, லண்டன் வாழ்க்கையை விட்டு இங்கேயே வந்தார். குடல்புண் ஆபரேஷனில் பெயரெடுத்தவர். ஜெபம் செய்துவிட்டுக் கத்தியை எடுப்பார், கத்திக்குப் பதிலாக ஜெபத்தை வைக்கவில்லை. பிள்ளைகளுக்கு இதைச் சொல்லுங்கள், போதும்.

வள்ளவிளை

நான் அதிகம் எழுதுகிறவன் இல்லை. எங்கள் வீடு கடல் தொழில். ஊர் தமிழ்நாடு, மறைமாவட்டம் திருவனந்தபுரம். தூத்தூர் மறைவட்டம். எல்லையில் இருப்பதால் ஒக்கிப் புயல் சமயத்தில் இரண்டு மாநிலத்துக்கும் நடுவே அலைந்தோம்.

2017 நவம்பர் 29 இரவும் 30ஆம் தேதியும். எங்கள் ஆட்கள் சூரைக்கும் சுறாவுக்கும் போய் நாள்கணக்காக ஆழ்கடலில் தங்கித் தொழில் செய்கிறவர்கள். கரையிலிருந்து கொஞ்சத் தூரத்துக்கு மேல் செல்போன் எட்டாது. மேலே செயற்கைக்கோள் மேகத்தைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தது. குமரிக்குக் கீழே அவ்வளவு வேகமாகப் புயலாகத் திரண்டது. அந்தச் செய்தி கடலுக்குள் இருந்தவனுக்குப் போய்ச் சேரவில்லை. என் அக்கா வீட்டுக்காரர் திரும்பவில்லை. உடலும் வரவில்லை. உடலில்லாமல் அடக்கத் திருப்பலி நடந்த வீடுகள் இங்கே வரிசையாக இருக்கின்றன.

அப்புறம் ஒருவர் வந்து, கடற்கரையில் பாவம் பெருகியதால் ஆண்டவர் அடித்தார் என்று பேசினார். அக்காவின் மகன் கேட்டுக்கொண்டிருந்தான். அன்றைக்கு எழுந்து வெளியே போனவன் கொஞ்ச காலம் கோயில் பக்கமே வரவில்லை. அவனை வெளியே அனுப்பியது டார்வின் இல்லை. அவன் டார்வினைப் படித்ததே கிடையாது.

எங்கள் அச்சன் (பாதிரியார்) ஒருவர் பிறகு அவனிடம் லூக்கா 13 வாசித்துக் காட்டினார். சீலோவாம் கோபுரம் விழுந்து பதினெட்டுப் பேர் செத்தார்கள், அவர்கள் மற்றவர்களைவிடப் பெரிய பாவிகள் என்று நினைக்கிறீர்களா, இல்லை என்று ஆண்டவரே சொல்கிற இடம். அதற்குமேல் அச்சன் காரணம் எதுவும் சொல்லவில்லை. கூடவே உட்கார்ந்திருந்தார். காற்றழுத்தம், கடல் சூடு, புயல் எப்படி உருவாகிறது என்று தெரிந்துகொள்ள அவனுக்கு ஆசை வந்தது. படித்தான். அது தெரிந்தது அவனுக்குக் கொஞ்சம் நிம்மதி. தன் அப்பாவைக் குறிவைத்து யாரும் அடிக்கவில்லை என்று தெரிந்தது. ஆனால் ஏன் என்ற கேள்வி அப்படியேதான் இருக்கிறது. படகு மூழ்கும்போது சீடர்கள் கேட்டார்களே, உமக்குக் கவலையில்லையா என்று. அந்தக் கேள்விதான் எங்கள் ஊர்ச் செபம்.

2019ல் ஜெமினி என்று ஒரு கருவி வந்தது. கரையிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்தாலும் செயற்கைக்கோள் வழியாகப் புயல் எச்சரிக்கையைப் பிடித்து போனுக்குத் தரும். எல்லாப் படகிலும் இருக்கிறதா, வேலை செய்கிறதா என்பது வேறு விவாதம். புறப்படும் முன்னால் அதையும் பார்க்கிறோம், மாதா குருசடியிலும் நிற்கிறோம். இரண்டும் ஒன்றுக்கொன்று இடைஞ்சல் என்று எங்களில் யாருக்கும் தோன்றியதில்லை.

டீச்சரக்கா, பூமிக்கு எத்தனை வயது என்று பேசுவது சுலபம். அதனால்தான் அதையே பேசுகிறோம் என்று நினைக்கிறேன்.

குழித்துறை விசுவாசி

வள்ளவிளைச் சகோதரரே, ஒக்கிக்குப் பிறகு எங்கள் சபையிலிருந்து அரிசி மூட்டையோடு உங்கள் கரைக்கு வந்தவர்களில் நானும் ஒருவன். வாசலில் நின்ற பெண்களிடம் என்ன சொல்வதென்று தெரியாமல் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு நின்றேன். பாவத்தினால் வந்த புயல் என்று அங்கே நின்று சொல்ல யாருக்கும் வாய் வராது. சொன்னவர் தூரத்தில் இருந்து சொல்லியிருப்பார்.

என் நிலை மாறவில்லை. ரோமர் 5க்குத் தம்பி சொன்ன பதில் எனக்குப் போதவில்லை. ஸ்கோஃபீல்டு குறிப்பு உண்மை, எங்கள் அப்பாவின் பைபிளில் பார்த்தேன். அதை யோசிக்கிறேன். ஆனால் மரணம் சத்துரு என்று வேதம் சொல்வதை விடாதீர்கள். இயற்கையின் ஏற்பாடு என்று நீங்கள் பிள்ளைகளுக்குப் படித்துக்கொடுத்துவிட்டால், அந்தப் பையனின் கோபத்துக்கு இடமில்லாமல் போகும். அவன் கோபம் நியாயமானது.

கண்ணம்மூலை மாணவன்

அண்ணே, இதை நான் முழுமனதோடு ஏற்கிறேன். மரணம் எப்படி வந்தது என்பதில் நமக்குள் வித்தியாசம் உண்டு, அது சத்துரு என்பதில் இல்லை. இறையியல் புத்தகங்களில், மழையைத் தருகிற அதே கடல்சூடுதான் புயலையும் தருகிறது, ஒழுங்கான உலகம் வேண்டுமென்றால் இதுவும் சேர்ந்தே வரும் என்று ஒரு வாதம் உண்டு. வாதமாக அது சரி என்றே நினைக்கிறேன். ஆனால் அதை அந்த வாசலில் நின்று சொல்ல மாட்டேன்.

ஆற்றூர் வாசகன்

என் கேள்விக்குத் தும்பா அண்ணாச்சியின் பதில் பாதி பதில். லெமெய்த்தர் கணக்கையும் கடவுளையும் தனித்தனியாக வைத்தார், சரி. அப்படியானால் கடவுள் இல்லாவிட்டாலும் கணக்கு ஓடும். வள்ளவிளைக்காரர் எழுதியதற்கு என்னிடம் பதில் இல்லை, அங்கே வாதம் செய்யவும் விரும்பவில்லை.

தும்பா ஓய்வூதியர்

ஓடும் தம்பி. கணக்கு ஓடத்தான் வேண்டும். ராக்கெட் ஏவும்போது நான் ஜெபித்தது எரிபொருள் கலவையில் செய்த தவறு சரியாகட்டும் என்று இல்லை. கலவையைத் திரும்பத் திரும்பச் சோதித்தது அதற்காக. இந்த வேலை யாருக்கு உதவும், யாரைக் கெடுக்கும் என்பதைக் கணக்கு எனக்குச் சொல்லவில்லை. அதே தொழில்நுட்பம் ஏவுகணையும் ஆகும். அந்த இடத்தில்தான் நான் முழங்காலில் நின்றேன். உனக்கு அது போதாது என்று தெரியும். நேரில் வா, பேசலாம்.

பாறசாலை டீச்சர்

எல்லோருக்கும் நன்றி. நான் செய்யப்போவதைச் சொல்லிவிடுகிறேன், தப்பாகப் பட்டால் சொல்லுங்கள்.

மணலுக்கு 55 கோடி, பூமிக்கு 454 கோடி என்று ஞாயிற்றுக்கிழமையும் சொல்லப்போகிறேன். வாரநாளுக்கு ஒரு உண்மை, ஓய்வுநாளுக்கு ஒரு உண்மை என்று இனி கிடையாது. ஆதியாகமம் முதல் அதிகாரத்தை வாசிக்கவைத்து, சூரியனையும் சந்திரனையும் கும்பிட்ட தேசங்களுக்கு நடுவே அவற்றை வெறும் சுடர்கள் என்று எழுதிய துணிச்சலைப் பேசப்போகிறேன். குழித்துறைச் சகோதரரின் ரோமர் கேள்வியையும் அப்படியே வைப்பேன். அதற்கு முடிந்த பதில்களையும், முடியாத மிச்சத்தையும் சொல்வேன். ஆறாயிரம் என்று நம்புகிறவர்களைக் கேலி பண்ணினால் வகுப்பைவிட்டு வெளியே அனுப்புவேன் என்று முதலிலேயே சொல்லிவிடுவேன்.

ஐயரிடம் இன்று மறுபடி பேசினேன். முழுச் சம்மதம் இல்லை, தடுக்கவும் இல்லை. பெற்றோரைக் கூப்பிட்டு முன்னாலேயே சொல்லிவிடு என்றார். அது நியாயம்.

அதற்கு அடுத்த வாரம் லூக்கா 13. இதை என்னைவிட வள்ளவிளைக்காரர் சொன்னால்தான் பொருந்தும். தம்பி, எங்கள் சபைக்கு வந்து பிள்ளைகளிடம் பேசுவீர்களா? நீங்கள் கத்தோலிக்கர் என்பதால் எங்கள் பக்கம் யாருக்கும் வருத்தம் வராமல் நான் பார்த்துக்கொள்கிறேன். உங்கள் மருமகனும் வந்தால் நன்றாக இருக்கும்.

வள்ளவிளை

வருகிறேன் அக்கா. எங்கள் ஊரில் காலைத் திருப்பலி முடிந்து கிளம்பினால் பத்து மணிக்குப் பாறசாலை வந்துவிடலாம். ஜெமினி கருவியையும் எடுத்து வருகிறேன், பிள்ளைகள் கையில் வாங்கிப் பார்க்கட்டும். மருமகனிடம் கேட்டேன். வருவான். ஆனால் அவனை எழுப்பி நிறுத்திச் சாட்சி சொல்லச் சொல்லாதீர்கள். பின்பெஞ்சில் உட்காருவான், அவனுக்கே தோன்றினால் பேசுவான்.